‘புட் ஆஃப்’ தடுமாறாமல் பேச, எழுத: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ (put off) என்றால் தள்ளிப் போடுவது. இந்தப் பொருள் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் பேசும்போது “புட் ஆஃப் இட்” என்கிறார்கள், எழுதும்போது “த எக்ஸாம் புட் ஆஃப்” என்கிறார்கள், டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போட்டதைச் சொல்ல “புட் ஆஃப் டு கோ” என்கிறார்கள். பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வாக்கியத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆங்கிலம் படிக்கும் பலரோடு உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எந்த வரிசையில் கற்கிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அகராதியைத் திறந்து ஐந்து பொருளையும் ஒரே நாளில் எழுதிக்கொள்பவர், ஒரு மாதம் கழித்தும் ஒரு வாக்கியம் சரியாகச் சொல்வதில்லை. ஒரே பொருளை வைத்துக்கொண்டு, அதன் முன்னும் பின்னும் என்ன வரும் என்று பழகியவர் சீக்கிரமே சரளமாகப் பேசுகிறார். கீழே உள்ளதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன்

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் அகராதி மட்டும் போதாது. அது பொருளைச் சொல்லும், சொல்லை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்று சொல்லாது.

லாங்மேன் அகராதியில் ‘புட் சம்திங் ஆஃப்’ என்று போட்டு நடுவில் இருபக்கமும் முனை உள்ள ஓர் அம்புக்குறி இருக்கும். பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். செயப்படுபொருளை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். ‘புட் ஆஃப்’ போல ஒரு வினையும் சிறு சொல்லும் சேர்ந்து வருவதை ஃபிரேசல் வெர்ப் என்பார்கள். புதிதாக எந்த ஃபிரேசல் வெர்பைப் பார்த்தாலும் முதலில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. அதில் உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் ஐந்தாறு வேலைகளைத் தமிழில் எழுதி வையுங்கள்: பல் டாக்டரிடம் போவது, ஒருவருக்கு போன் பண்ணுவது, ஒரு முடிவு எடுப்பது, அலமாரியை ஒழுங்குபடுத்துவது. இந்தப் பட்டியல்தான் கடைசி வரை உங்கள் பயிற்சிக்கு உதவப்போகிறது. புத்தகத்தில் உள்ள ‘ஜானும் மேரியும்’ வாக்கியங்கள் மனதில் ஒட்டுவதில்லை.

செயப்படுபொருள், ப்ரோநவுன், பாஸிவ் வாய்ஸ் ஆகிய மூன்றும் என்னவென்று மேலோட்டமாகத் தெரிந்திருந்தால் போதும். இலக்கணத்தில் அதற்கு மேல் எதுவும் இங்கே தேவையில்லை.

2. ஒரே ஒரு பொருளோடு ஆரம்பியுங்கள்

ஒரு வேலையை, நிகழ்ச்சியை, முடிவை இப்போது செய்யாமல் பிறகு செய்யலாம் என்று தள்ளி வைப்பது. இந்த ஒன்று மட்டும். ‘புட் ஆஃப்’புக்கு வேறு பொருள்களும் உண்டு, அவற்றுக்கு 10-ஆம் படியில் வருவோம். அதுவரை தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மற்ற பொருள்களில் வாக்கிய அமைப்பு மாறுகிறது, செயப்படுபொருளாக ஆள் வருகிறார், சொல்லின் இடமும் மாறுகிறது. முதல் அமைப்பு நாக்கில் படியாமல் இரண்டாவதைக் கலந்தால் இரண்டுமே கெடும்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வையுங்கள். ‘புட் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது அல்ல. வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, நடக்க வேண்டிய நேரம்தான் மாறுகிறது. புதிய தேதி முடிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

3. செயப்படுபொருளுக்கு இரண்டு இடம்

“தே புட் ஆஃப் த மீட்டிங்.” “தே புட் த மீட்டிங் ஆஃப்.” கூட்டத்தைத் தள்ளிப் போட்டார்கள் என்பதற்கு இரண்டுமே சரி, பொருளில் வித்தியாசம் இல்லை.

இரண்டாவது வடிவம் நமக்கு விநோதமாகப் படும். தமிழில் ‘தள்ளிப் போட்டார்கள்’ என்பதற்கு நடுவே கூட்டத்தைக் கொண்டுபோய் வைக்க முடியாது. ‘தள்ளித்தான் போட்டார்கள்’ என்று ஒரு ‘தான்’ நுழையும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் ‘புட்’டையும் ‘ஆஃப்’பையும் ஒட்டிப் பிறந்த ஒரே சொல்லாக மனதில் பதிய வைத்துவிடுகிறோம். அதைப் பிரித்துப் பழகுவதுதான் இந்தப் படியின் வேலை.

செய்ய வேண்டியது: உங்கள் நோட்டில் உள்ள பெயர்ச்சொற்களை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகவும் வாய்விட்டுச் சொல்லுங்கள். “ஐ புட் ஆஃப் த டெசிஷன்.” “ஐ புட் த டெசிஷன் ஆஃப்.” இரண்டாவதைச் சொல்ல நாக்கு தயங்கினால் அதையே கூடுதலாகச் சொல்லுங்கள்.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் மட்டும் நடுவில் வைக்காதீர்கள். “தே புட் ஆஃப் த மீட்டிங் வித் த நியூ பீப்பிள் ஃப்ரம் த அதர் டிபார்ட்மென்ட்” என்பது சரி. இவ்வளவையும் நடுவில் திணித்து வாக்கியத்தின் கடைசியில் ‘ஆஃப்’ சொன்னால், ‘புட்’ என்று கேட்டவர் எங்கே வைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று தெரியாமல் அத்தனை நேரம் காத்திருக்க வேண்டும். மூன்று நான்கு சொற்களைத் தாண்டினால் ‘ஆஃப்’பை ‘புட்’டோடு சேர்த்தே வையுங்கள்.

4. ‘இட்’ வந்தால் நடுவில்தான்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இட், தெம் போன்ற ப்ரோநவுன் வந்தால் இரண்டு இடம் கிடையாது. நடு இடம் ஒன்றே ஒன்று. “புட் இட் ஆஃப்” சரி, “புட் ஆஃப் இட்” தவறு. விதிவிலக்கு தேட வேண்டாம்.

காரணம் தெரிந்தால் மறக்காது. ஆங்கில வாக்கியத்தில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிப் பக்கம் விழும், புதிய செய்தி அங்கேதான் வரும். ‘இட்’ என்பது பேசுகிற இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம், அழுத்தம் இல்லாத சின்னச் சொல். அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தால் அந்த இடம் வீணாகிறது. ‘ஆஃப்’ அழுத்தம் தாங்கும் சொல், அதனால் அது கடைசிக்குப் போகிறது, ‘இட்’ நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது.

புதிதாகப் பழகுபவர்கள் பேசுவதைக் கவனித்தால் தவறு எங்கே பிறக்கிறது என்று காதிலேயே கேட்கும். “வீ புட் ஆஃப்” என்று வேகமாக வந்துவிடும், பிறகு ஒரு நொடி நிற்கும், அப்புறம் “இட்” என்று ஒட்டும். அந்த ஒரு நொடியில்தான் செயப்படுபொருள் ஒன்று பாக்கி இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வருகிறது. ஒட்டிப் பிறந்த சொல்லாக மனதில் பதிந்ததன் விளைவு இது.

இதைச் சரிசெய்யத் தனி வாக்கியங்கள் எழுதுவதைவிடக் கேள்வி–பதிலாகப் பழகுவது நல்லது. நிஜப் பேச்சில் விஷயத்தின் பெயர் கேள்வியில் வரும், ‘இட்’ பதிலில் வரும்.

“வாட் ஹாப்பண்ட் டு த மீட்டிங்?” “வீ புட் இட் ஆஃப்.”
“டிட் யூ கால் த டென்டிஸ்ட்?” “நோ, ஐ கீப் புட்டிங் இட் ஆஃப்.”
“கேன் வீ டாக் அபௌட் திஸ் டுமாரோ?” “நோ, வீ கான்ட் புட் இட் ஆஃப் எனி லாங்கர்.”

பாடப்புத்தகங்கள் ‘புட் ஆஃப் த மீட்டிங்’ வடிவத்தையே அதிகம் காட்டுகின்றன. பேசும்போது உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போவது ‘புட் இட் ஆஃப்’. அதனால் மூன்று சொற்களையும் ஒரே மூச்சில் வரும் ஒரு துண்டாகப் பழகுங்கள்: புட்டிட்டாஃப். எழுதும்போது பிரியும், வாயில் சேர்ந்தே வரும்.

திஸ், தட் தனியாக வந்தாலும் நடுவில் வைப்பதே இயல்பு: “டோன்ட் புட் தட் ஆஃப்.”

5. பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘இங்’

நாம் தள்ளிப் போடுவது பெரும்பாலும் ஒரு செயலைத்தான். அந்தச் செயலைச் சொல்லும் வினை ‘புட் ஆஃப்’புக்குப் பின்னால் ‘இங்’ வடிவத்தில் மட்டுமே வரும். “ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.” “ஷீ புட் ஆஃப் காலிங் ஹிம்.” இங்கே ‘டு கோ’, ‘டு கால்’ வராது.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. நாம் “டாக்டரிடம் போகத் தள்ளிப் போட்டேன்” என்று சொல்வதில்லை, “போவதைத் தள்ளிப் போட்டேன்” என்கிறோம். தமிழில் ‘போவதை’, ‘பேசுவதை’, ‘எழுதுவதை’ என்று வந்தால் இங்கே ‘இங்’ போடுங்கள். செயல் ஒரு பெயர்ச்சொல்லாக மாறிச் செயப்படுபொருளின் இடத்தில் உட்காருகிறது, இரண்டு மொழியிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஆங்கில விதியைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட இது சுலபம்.

3-ஆம் படியில் சொன்ன நடு இடம் இங்கே கிடையாது. “புட் கோயிங் டு த டென்டிஸ்ட் ஆஃப்” என்று யாரும் பேசுவதில்லை. ‘இங்’ வந்தால் ‘புட் ஆஃப்’ சேர்ந்தே இருக்கும்.

எழுத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: ‘புட்டிங்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்து இரண்டு முறை வரும். ஒன்றோடு விட்டுவிடுவது மிகவும் பரவலான பிழை.

6. எந்த நாளுக்கு, எவ்வளவு காலம்

தள்ளிப் போட்டாயிற்று. எப்போதுக்கு? இங்கே மூன்று இடங்களில் வழுக்குகிறது.

புதிய நாளைச் சொல்ல ‘அன்டில்’ அல்லது ‘டில்’. “தே புட் த மேட்ச் ஆஃப் அன்டில் சண்டே.” தமிழில் ‘ஞாயிற்றுக்கிழமைக்கு’ என்பதால் ‘ஃபார் சண்டே’ என்று வாயில் வருகிறது. ‘டு சண்டே’ என்பது சில இடங்களில் காதில் விழும், ஆனால் ‘அன்டில்’ எங்கேயும் உறுத்தாது. கேட்கும்போதும் கவனம் வேண்டும். ‘அன்டில் சண்டே’ என்றதும் ‘ஞாயிறு வரை கிடையாது, திங்கள்தானோ’ என்று குழம்பாதீர்கள். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் என்றே அர்த்தம்.

கால அளவைச் சொல்ல ‘ஃபார்’. “வீ புட் இட் ஆஃப் ஃபார் எ வீக்.” ஒரு வாரம் தள்ளி வைத்தோம். நாள் என்றால் அன்டில், நீளம் என்றால் ஃபார்.

மூன்றாவதுதான் நம்மவர்களை அதிகம் கவிழ்ப்பது. “ரிசல்ட் வரும் வரை தள்ளிப் போடலாம்” என்பதில் ‘வரும்’ எதிர்காலம் மாதிரி இருக்கிறது. அதை அப்படியே கொண்டுபோய் “லெட்ஸ் புட் இட் ஆஃப் அன்டில் த ரிசல்ட்ஸ் வில் கம்” என்கிறார்கள். ‘அன்டில்’லுக்குப் பின்னால் முழு வாக்கியம் வந்தால் அதில் ‘வில்’ வராது, நிகழ்காலமே எதிர்காலத்தின் வேலையைச் செய்யும்: “அன்டில் த ரிசல்ட்ஸ் கம்.”

7. ‘தள்ளிப் போனது’ என்பதைச் சொல்வது எப்படி

எழுத்திலும் பேச்சிலும் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் வருகிறது, காரணமும் நம் மொழியில்தான் இருக்கிறது.

தமிழில் நம்மிடம் இரண்டு உண்டு. ‘தள்ளிப் போட்டார்கள்’ என்றால் யாரோ செய்தார்கள். ‘தள்ளிப் போனது’ என்றால் அதுவாக நடந்தது, செய்தவர் யார் என்ற பேச்சே இல்லை. பரீட்சை தள்ளிப் போயிடுச்சு, கல்யாணம் தள்ளிப் போகுது, பயணம் தள்ளிப் போனது. நாள்தோறும் நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ முதல் வகை மட்டும்தான். ‘தள்ளிப் போ’ என்பதற்கு நிகரான தனி வடிவம் அதற்கு இல்லை. அதனால் “பரீட்சை தள்ளிப் போனது” என்று மனதில் வைத்துக்கொண்டு “த எக்ஸாம் புட் ஆஃப்” என்று எழுதினால், பரீட்சை எழுந்து போய் வேறு எதையோ தள்ளிப் போட்டது என்று ஆகிறது. படிப்பவர் எதை என்று தேடுவார். “த எக்ஸாம் ஹாஸ் புட் ஆஃப்” என்று ‘ஹாஸ்’ சேர்த்தாலும் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

வழி பாஸிவ் வாய்ஸ்தான். “த எக்ஸாம் வாஸ் புட் ஆஃப்.” “த எக்ஸாம் ஹாஸ் பீன் புட் ஆஃப்.” “த எக்ஸாம் வில் பீ புட் ஆஃப்.” நண்பர்களோடு பேசும்போது “இட் காட் புட் ஆஃப்” என்றும் சொல்லலாம், அது ‘தள்ளிப் போயிடுச்சு’ என்பதன் தொனிக்கு மிக அருகில் வருகிறது.

எழுதும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: தமிழில் நான் சொல்ல நினைப்பது ‘போட்டது’ வகையா, ‘போனது’ வகையா? ‘போட்டது’ என்றால் நேராக ‘புட் ஆஃப்’. ‘போனது’ என்றால் முன்னால் வாஸ், பீன், பீ இவற்றில் ஒன்று (நண்பர்களோடு பேசும்போது ‘காட்’டும்) கட்டாயம் நிற்க வேண்டும். இந்த ஒரு கேள்வி பழகிவிட்டால் பிழை அடியோடு நின்றுவிடும்.

வாஸ், ஹாஸ் பீன் இரண்டில் எது? நேற்று, போன வாரம் என்று முடிந்த நேரத்தைச் சொன்னால் ‘வாஸ்’. “இட் வாஸ் புட் ஆஃப் எஸ்டர்டே.” நேரம் சொல்லாமல், இப்போது தெரிய வேண்டிய செய்தியாக அறிவித்தால் ‘ஹாஸ் பீன்’. “த மீட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப், யூ கேன் கோ ஹோம்.” இரண்டையும் கலந்து ‘ஹாஸ் பீன் புட் ஆஃப் எஸ்டர்டே’ என்று எழுதாதீர்கள்.

காரணம் சொல்ல ‘பிகாஸ் ஆஃப்’: “த மேட்ச் வாஸ் புட் ஆஃப் பிகாஸ் ஆஃப் ரெயின்.” பாஸிவ் வாய்ஸில் செயப்படுபொருள் முன்னால் போய்விடுகிறது, அதனால் ‘புட்’டும் ‘ஆஃப்’பும் சேர்ந்தே இருக்கும். இந்த இடத்தில் மட்டும் 4-ஆம் படியின் கவலை இல்லை.

ரயில், விமானம் தாமதமாக வருவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு ‘டிலேய்ட்’. யாரோ முடிவெடுத்து வேறொரு நேரத்துக்கு மாற்றி வைப்பதே ‘புட் ஆஃப்’.

8. காலம் மாற்றுவது

‘புட்’ இறந்த காலத்திலும் ‘புட்’தான், மூன்றாவது வடிவமும் அதேதான். ‘புட்டட்’ என்று ஒன்று இல்லை. “ஹீ புட்ஸ் இட் ஆஃப்” என்றால் எப்போதும் தள்ளிப் போடுபவர், “ஹீ புட் இட் ஆஃப்” என்றால் ஒருமுறை தள்ளிப் போட்டார். கடைசியில் அந்த ‘ஸ்’ இல்லாததை வைத்துத்தான் இறந்த காலம் என்று தெரிகிறது, அதனால் நிகழ்காலம் சொல்லும்போது அதை விழுங்காதீர்கள்.

9. உச்சரிப்பு

அழுத்தம் ‘ஆஃப்’பில். ‘புட்’டை அழுத்தி ‘ஆஃப்’பை முணுமுணுத்தால், எங்கோ எதையோ வைத்ததாகக் கேட்பவர் காதில் விழும்.

இடையில் நிறுத்தவும் வேண்டாம். ‘கல்’லும் ‘எறி’யும் சேர்ந்தால் நம் வாயில் ‘கல்லெறி’ ஆவது மாதிரி, மெய்யில் முடியும் ‘புட்’ உயிரில் தொடங்கும் ‘ஆஃப்’போடு தானாகவே சேரும். ஒரே வித்தியாசம், நடுவில் வரும் ‘ட்’டை நம் வழக்கப்படி அழுத்தி இரட்டிக்காமல் லேசாகத் தொட்டுவிட்டுப் போங்கள்.

10. இப்போது மற்ற பொருள்கள்

முதல் ஒன்பது படியும் தயங்காமல் வந்தால் மட்டும் இதற்கு வாருங்கள்.

செயப்படுபொருள் என்ன என்று பாருங்கள். வேலை, நிகழ்ச்சி, முடிவு என்றால் தள்ளிப் போடுவதுதான். செயப்படுபொருளாக ஓர் ஆள் வந்தால் பொருள் மாறுகிறது, மூன்று வழியில் மாறுகிறது.

முதலாவது, பிடிக்காமல் போவது, ஆர்வம் விட்டுப்போவது. “த ஸ்மெல் புட் மீ ஆஃப்.” அந்த நாற்றம் எனக்கு ஒவ்வாமல் போய்விட்டது. எது பிடிக்காமல் போனதோ அது ‘ஆஃப்’புக்குப் பின்னால் வரும்: “த ஆக்ஸிடென்ட் புட் மீ ஆஃப் டிரைவிங்.” வண்டி ஓட்டவே மனசு வரவில்லை. “டோன்ட் பீ புட் ஆஃப் பை த லெங்த்” என்றால் நீளத்தைப் பார்த்து மலைத்துப் பின்வாங்காதீர்கள். இதிலிருந்து வரும் பெயரடை ‘ஆஃப்-புட்டிங்’, சொற்கள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, கவனத்தைச் சிதறடிப்பது. “ஸ்டாப் டாக்கிங், யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்.” இது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்தான் அதிகம்.

மூன்றாவது, ஒருவரைச் சாக்குச் சொல்லித் தட்டிக் கழிப்பது. “ஹீ கீப்ஸ் ஆஸ்கிங் ஃபார் ஆன் ஆன்ஸர், அண்ட் ஐ கீப் புட்டிங் ஹிம் ஆஃப்.” அவர் பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் இழுத்தடிக்கிறேன்.

மூன்றையும் பிரித்தறிய எழுவாயைப் பாருங்கள். நாற்றம், விலை, தோற்றம் போன்ற ஒன்று ஆளை ‘புட் ஆஃப்’ செய்தால் முதலாவது பொருள்தான் பெரும்பாலும். பதிலோ பணமோ தர வேண்டியவர் இன்னொருவரை ‘புட் ஆஃப்’ செய்தால் மூன்றாவது. ஒரு வேலையை மும்முரமாகச் செய்யும்போது சத்தமோ பேச்சோ குறுக்கே வந்தால் இரண்டாவது.

11. குழப்பிக்கொள்ளும் சொற்கள்

‘புட் ஆன்’ என்றால் உடுத்துவது. அதற்கு எதிர்ப்பதம் ‘புட் ஆஃப்’ என்று நினைப்பது இயல்பு, ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் கழற்றுவது ‘டேக் ஆஃப்’. “புட் ஆஃப் யுவர் ஷூஸ்” என்று சொல்லாதீர்கள்.

விளக்கை அணைப்பதற்கு ‘புட் ஆஃப் த லைட்’ என்று நம்மிடையே தாராளமாகப் புழங்குகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு இடம் உண்டு, அகராதியிலும் இருக்கிறது, எனவே தவறு என்று யாரையும் திருத்த வேண்டாம். ஆனாலும் ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ எல்லா நாட்டிலும் சட்டென்று புரியும், அதையே பழகுங்கள்.

‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய்வது. மீட்டிங்கைத் தள்ளிப் போட்டதாகச் சொல்ல நினைத்து ‘கால்ட் ஆஃப்’ என்று மெயில் போனால் யாரும் அதற்குத் தயாராகவே மாட்டார்கள். இந்த ஒரு குழப்பத்தில்தான் நிஜமான நஷ்டம் வருகிறது, கவனமாக இருங்கள்.

முன்கூட்டி நடத்துவதற்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’. நம் பக்கத்து ‘ப்ரீபோன்’ இந்திய ஆங்கிலத்தில் நன்றாகவே ஓடுகிறது, வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’ பாதுகாப்பு.

அலுவலகக் கடிதம், அறிவிப்பு, விண்ணப்பம் என்று வந்தால் ‘போஸ்ட்போன்’ எழுதுங்கள். ‘புட் ஆஃப்’ பேச்சுக்கும் நண்பர்களுக்கான மெயிலுக்கும் ஏற்றது. தன் வேலையைத் தானே ‘புட் ஆஃப்’ செய்வதாக ஒருவர் சொன்னால் அதில் கொஞ்சம் சோம்பலோ தயக்கமோ ஒலிக்கும். மேலதிகாரிக்கு எழுதும்போது அந்த ஒலி வேண்டாம்.

12. பழகும் முறை

முதல் படியில் எழுதிய உங்கள் பட்டியலை எடுங்கள். பல் டாக்டர் என்ற ஒரே விஷயத்தை எல்லாப் படிகள் வழியாகவும் ஓட்டிப் பாருங்கள்:

“ஐ புட் ஆஃப் த அப்பாயின்ட்மென்ட்.”
“ஐ புட் த அப்பாயின்ட்மென்ட் ஆஃப்.”
“ஐ புட் இட் ஆஃப்.”
“ஐ புட் ஆஃப் கோயிங்.”
“ஐ புட் இட் ஆஃப் அன்டில் ஃப்ரைடே.”
“த அப்பாயின்ட்மென்ட் வாஸ் புட் ஆஃப்.”

ஆறும் நிறுத்தாமல் வந்தால் அடுத்த விஷயத்துக்குப் போங்கள். எந்த வரியில் நாக்கு இடறுகிறதோ அந்தப் படிக்குத் திரும்புங்கள். முழுவதையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைப்பதால் ‘புட் இட் ஆஃப்’ சரியாக வந்துவிடும், அதை வைத்துப் பழகிவிட்டது என்று நம்பிவிடுவோம். பேச்சில்தான் குட்டு வெளிப்படும். போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து ‘ஆஃப்’புக்கும் ‘இட்’டுக்கும் மட்டும் காது கொடுங்கள்.

இது கைவந்த பிறகு கால் ஆஃப், டர்ன் டவுன், ஹேண்ட் இன், ஃபில் அவுட் ஆகியவற்றை எடுங்கள். இவற்றிலும் ப்ரோநவுன் நடுவில்தான்: கால் இட் ஆஃப், டர்ன் இட் டவுன், ஹேண்ட் இட் இன், ஃபில் இட் அவுட். ‘லுக் ஆஃப்டர்’, ‘புட் அப் வித்’ போன்றவை பிரியாத வகை, அங்கே ப்ரோநவுன் கடைசியில் வரும்: லுக் ஆஃப்டர் ஹிம், புட் அப் வித் இட். எந்த வகை என்று சந்தேகம் வந்தால் லாங்மேனைத் திறந்து அந்த இருமுனை அம்புக்குறியைத் தேடுங்கள்.